பாதித் தமர்

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நவீனச் சிற்பக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே அம்மா கிளம்பிவிட்டாள். கலை பார்க்க அல்ல, எங்கள் கல்லைப் பார்க்க.

எங்கள் இண்டூர்ப் பக்கம் கிணறு என்றால் பாறை உடைத்துத்தான் தோண்டவேண்டும். வெடிமருந்து வைக்க உளியால் அடிக்கும் குழியைத் தமர் என்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், அப்பா ஒரு தமரைப் பாதி அடித்திருந்தபோது, முந்தின நாள் பக்கத்துத் தமரில் வெடிக்காமல் போன மருந்து வெடித்துவிட்டது. அப்பா போய்விட்டார். நான் அப்போது கைக்குழந்தை. அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பெயர்ந்து வந்த பாறையில் அந்தப் பாதித் தமர் மட்டும் அப்படியே இருந்தது. பாறையைக் கிணற்றுமேட்டில் போட்டிருந்தார்கள். வெயில் தாழ அம்மா அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் கூப்பிடமாட்டோம்.

பல வருடம் கழித்து மெட்ராஸ் சிற்பி ஒருவர் கல் தேடி லாரியோடு வந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். சித்தப்பா பெரிய மனுஷத் தோரணையில், "எடுத்துக்கங்க சார்" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்த அம்மா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்போது கண்காட்சியில் அந்தச் சிற்பி செய்ததும் இருக்கிறதாம்.

"அந்தக் குழிய வுட்டிருப்பாங்களா, செதுக்கித் தள்ளியிருப்பாங்களா?" பஸ்ஸில் இதையே கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பூங்காப் புல்தரை முழுக்கத் தலையில்லாத உடம்புகள், உடம்பில்லாத கைகள். பொம்மிடி ஸ்டேஷன் ஓரம் துருப்பிடித்துக் கிடக்கிற மாதிரி ஓர் இரும்புக் குவியல். அதற்கும் ஒரு பெயர்ப்பலகை. எரிச்சலாக வந்தது. எங்கள் கல் கடைசியில் நின்றது. முகம் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பாக்கியிருந்தார்கள். தமர் இருந்தது. ஆனால் மெஷின் வைத்து மறுபக்கம்வரை துளைத்துவிட்டார்கள். அதன் வழியாக அணைத் தண்ணீர் தெரிந்தது. பலகையில் 'தலைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது.

அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலை உள்ளே விட்டு மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. வெளியே இழுத்து மறுபடி விட்டாள். அதே இடத்தில் நின்றது.

"இங்க சொரசொரன்னு இருக்குது. அந்தாண்ட வழவழன்னு போவுது. இது வரைக்கும் உங்கப்பா."

காவல்காரர் வேகமாக வந்தார். "தொடக் கூடாதுங்கம்மா. கைய எடுங்க."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எம்பொண்ணு ஒருக்கா தொட்டுக்கட்டுங்க," என்றாள். "அவ அவரப் பாத்ததில்ல."