நூறு தடவை முயன்று பார்த்துவிட்டேன்

கணினியோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து ஸ்ரீரங்கத்தில் இல்லை. ஒரு மே மாதத்தில் ஒன்பது நாள் நான் அந்தச் சண்டையைப் போட்டேன். ஜெயித்தேனா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் மனைவி அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. நாற்பது வயதுக்கு மேல் அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டே வந்து, வெளிச்சம் மட்டும் தெரிகிற அளவில் நின்றது. வகுப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பாடம் முழுவதும் மனப்பாடம், பிள்ளைகளைக் குரலை வைத்தே பிடித்துவிடுவாள். தலைமை ஆசிரியை ஆவதற்கு மட்டும் ஒரு துறைத் தேர்வு பாக்கி இருந்தது. முந்தின வருடம் அந்தத் தேர்வுக்கான கையேட்டை நான் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுப் படித்தாள். தேர்வறையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ஏழு மதிப்பெண்ணில் போய்விட்டது. இந்த முறையும் தவறினால், பட்டியலில் அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவள் முறை வராது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "இந்த வருஷம் நீங்க வாசிக்க வேணாங்க. கம்ப்யூட்டரே வாசிக்கட்டும்" என்றாள். எனக்குப் பாதி நிம்மதி, பாதி வருத்தம். வருத்தத்தை வெளியே காட்டவில்லை.

வீட்டு மேசைக் கணினியில் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள் அவளுக்காக ஏற்கெனவே இருந்தது. அதற்கு எழுத்து வேண்டும், படம் ஆகாது. கையேடோ வெறும் காகிதம், ஸ்கேன் செய்தாலும் கிடைப்பது பக்கத்தின் படம்தான். கே.கே. நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஒரு காலத்தில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து வைத்தது அது. இருநூறு பக்கத்துக்கு மேல். அதை யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அதை இன்னொருவர் எடுத்து, எங்கள் கைக்கு வந்தது சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் எடுத்த பேரனோ கொள்ளுப்பேரனோ. போனில் இருந்த ஆப்பிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். 'மருத்துவ விடுப்பு' என்பதை 'மருத்துவ விருப்பு' என்று படித்தது. விருப்பப்பட்டா ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்?

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் மைத்துனன்தான் வழி சொன்னான். படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தருகிற லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுதி, ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. மூல நிரலையே யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதோடு வரும் கருவிகளைக் கொண்டு நம் தட்டச்சு எழுத்தை அதற்குப் பழக்கிவிட்டால் ஒழுங்காகப் படிக்கும். ஆனால் விண்டோஸுக்கென்று தயாராகக் கிடைத்த தொகுப்பில் அந்தக் கருவிகள் இல்லை. மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும், அதாவது நம் கணினியில் ஓடும் நிரலாக நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். "லினக்ஸ்னா ஒரே வரி மாமா. விண்டோஸ்னா கொஞ்சம் மெனக்கெடணும்" என்றான்.

அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்ப்பவன். கேபிள் மாட்டுவேன், பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவேன், மாணவர்கள் பிடுங்கிப் போட்ட மவுஸைத் திரும்பச் செருகுவேன். மற்றபடி ஒரு மென்பொருளை அடியிலிருந்து கட்டி எழுப்பியவன் அல்ல. ஆனாலும் உறவுக்காரர்கள் மத்தியில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று இருபது வருடமாகப் பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நாள் இறக்குவதிலேயே போனது. கம்பைலர் என்று ஒன்றைக் கேட்டால் அது தன் பரிவாரத்தோடு வந்து ஹார்ட் டிஸ்கில் பாதியை அடைத்துக்கொண்டது. அதற்குமேல் இந்த லைப்ரரிக்குப் படங்களைக் கையாள இன்னொரு லைப்ரரி வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு வகைப் படத்துக்கும் ஒன்று வேண்டுமாம். அந்த ஒவ்வொன்றுக்கும் கோப்பைச் சுருக்க ஒன்று, விரிக்க ஒன்று. கல்யாணத்துக்கு ஒருத்தருக்குப் பத்திரிகை வைத்தால் பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்குவார்களே, அப்படி. வந்தவர்களிலும் ஒருவருக்கொருவர் ஆகாது. இந்தப் பதிப்பு இருந்தால் அந்தப் பதிப்பு வராது.

வழிகாட்டிக் குறிப்பு என்று ஒன்று இருந்தது. லினக்ஸுக்கு நாலு வரி. விண்டோஸ் என்ற தலைப்பின் கீழ், இதை யாரோ செய்து பார்த்ததாகக் கேள்வி, நாங்கள் சோதிக்கவில்லை என்கிற தோரணையில் ஒரு பத்தி. கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது பற்றிச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இங்கே பூதம் வெட்டுவதற்கு முன்பே கிளம்பி வாசலில் உட்கார்ந்திருந்தது.

நாலாம் நாள் எல்லாம் கூடி வந்தது மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு மேசைக் கணினி பழசு, இந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் கல்லூரி லேப்டாப்பில் கம்பைல் செய்வேன். லேப்டாப்பின் பொடி எழுத்து என் கண்ணுக்கு ஆகாது. அதனால் திருத்த வேண்டிய கோப்புகளை மேசைக் கணினியின் பெரிய திரையில் திருத்தி, பென் டிரைவில் போட்டு, கூடத்திலிருந்து அறைக்கு எடுத்துப் போவேன். பத்தடி தூரம். இதில் என்ன கோளாறு வந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு கோப்பைத் திருத்திக் கொண்டுபோய் ஓட்டினேன். எதைக் கட்ட வேண்டும் என்ற பட்டியலைக் கணினி தயாரித்தது. பிறகு பட்டியல் பழசாகிவிட்டது என்று மறுபடி தயாரித்தது. மறுபடியும் பழசு என்றது. திரை முழுக்க அதே வரிகள் ஓடி, கடைசியில் நூறு தடவை முயன்று பார்த்துவிட்டேன், இன்னும் பழசாகவே இருக்கிறது, ஒருவேளை கணினியின் நேரம் சரியாக வைக்கப்படவில்லையோ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

லேப்டாப்பின் நேரத்தைப் பார்த்தேன். போனோடு ஒப்பிட்டேன். நொடி பிசகாமல் சரியாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று திட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து ஓட்டினால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

பாதியில் வேறொரு பிழை. திருத்திக்கொண்டு வந்தேன். மறுபடி நூறு தடவை. கோபத்தில் எழுந்து போய் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். ஓடியது. இன்னொரு பிழை, இன்னொரு திருத்தம், நூறு தடவை. நான் உட்கார்ந்து மல்லுக்கட்டினால் ஓடாது, எழுந்து போனால் ஓடும். மூன்று நாளில் இதே கூத்து எத்தனை தடவை நடந்தது என்று எண்ணவில்லை. என் முகத்தைக் கண்டாலே அதற்கு ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். கடவுள் நம்பிக்கை அரைகுறையாக உள்ளவன் நான். அந்த மூன்று நாளும் ராகு காலம் பார்த்துக் கம்பைல் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னபோது, விண்டோஸ்னா அப்படித்தான் மாமா என்று ஞானி மாதிரி பேசினான்.

உண்மையில் அந்த நாட்களில் இருநூறு பக்கத்தையும் உட்கார்ந்து கையால் அடித்திருந்தால் பாதிக்குமேல் முடிந்திருக்கும். இப்போது தோன்றுகிறது. அப்போது ரோஷம் கண்ணை மறைத்தது. ஒவ்வொரு நாளும் காலையில் அவள், "ஆச்சுங்களா?" என்று மட்டும் கேட்பாள். நாட்கள் குறைவது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் நான் லேப்டாப்பை மூடிய வேகத்தில் அவள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அது என்னதான் சொல்கிறது என்று கேட்டாள். உனக்குப் புரியாது என்று சொல்ல வந்தவன், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

"நேரம் சரியில்லைன்னுதானே சொல்லுது?"

"நேரம் சரியாத்தான் இருக்கு. பார்த்துட்டேன்."

"இதுல சரி. ஃபைலை எங்க வச்சுத் திருத்துனீங்க?"

"கூடத்துல, உன் கம்ப்யூட்டர்ல."

"அது நம்ம வீட்டு நேரம்ங்க" என்றாள். "இது ஊர் நேரம்."

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். கல்யாணமான புதிதில், என் சோம்பலால் அவள் காவிரிப் பாலம் தாண்டிப் போகும் பஸ்ஸை இரண்டு தடவை விட்டபிறகு செய்த ஏற்பாடு. சுவர்க் கடிகாரம், அலாரம், பின்னால் வந்த மேசைக் கணினி எல்லாவற்றையும் நானே என் கையால் தள்ளி வைத்தேன். கணினி நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளாமல் இருக்க அந்த வசதியையும் நிறுத்தி வைத்தவன் நான்தான். ஊரில் பல வீடுகளில் உள்ள வழக்கம் என்பதால் அது ஒரு தவறாகவே மனதில் பதியவில்லை. கோப்பு கடைசியாகத் திருத்திய நேரத்தைத் தன்மேல் எழுதிக்கொண்டுதான் போகும். கூடத்தில் திருத்திய கோப்பு, அறையில் இருந்த லேப்டாப்பின் கணக்குப்படி, இன்னும் பிறக்காத கோப்பு. பட்டியலை எத்தனை முறை புதிதாகத் தயாரித்தாலும் இந்தக் கோப்பு அதைவிடப் புதிதாகவே இருக்கும். நான் குளித்து, காப்பி குடித்து, கால் மணி கடந்து வரும்போது ஊர் நேரம் வீட்டு நேரத்தை எட்டிப் பிடித்திருக்கும். பாவம், லேப்டாப் முதல் தடவையே சொன்னது. நான் கேட்கவில்லை.

மேசைக் கணினியின் கடிகாரத்தைத் திருத்தினேன். அன்று சாயங்காலத்துக்குள் லைப்ரரியும் கருவிகளும் முழுசாகக் கம்பைல் ஆகிவிட்டன. கையேட்டின் முதல் நாற்பது பக்கத்தைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துப் பழக்கினேன். ஒரு பகல் முழுவதும் ஓடி, ஒன்பதாம் நாள் 'மருத்துவ விடுப்பு' என்று அது சரியாகப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதிப் பக்கங்களையும் படிக்க வைத்து அவள் கணினியில் ஏற்றினேன்.

அன்றிலிருந்து கூடத்தில் அந்த இயந்திரக் குரல்தான். ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு விடாமல், விதி எண்ணும் உட்பிரிவுமாக வாசித்துக்கொண்டே போகும். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு, என் கைவேலை என்ற பெருமையில் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்கத் தொடங்கிய நாலாம் நாள் அது 'பணியேற்பிடைக் காலம்' என்ற பகுதியைத் தொடங்கியது. இடமாறுதல் கிடைத்தவர் புது இடத்தில் சேர எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம் என்கிற விதிகள். அவள் நிறுத்தினாள். பின்னால் போய்த் தலைப்பை மறுபடி கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"இது நீங்க வாசிக்கலையே" என்றாள்.

ஜெராக்ஸில் விட்டுப்போயிருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. போன வருடத்து அந்த மத்தியானம் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் இல்லை, பசி, தொண்டை வறட்சி. இதிலிருந்தெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒன்பது பக்கத்தை ஒரே புரட்டாகப் புரட்டினேன். முடிந்ததா என்று அவள் கேட்டாள். முடிந்தது என்றேன்.

"தாண்டிட்டேன்" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போன தடவை பதினைந்து மார்க் கேள்வி ஒன்று இதிலிருந்துதான் வந்தது, ஒரு வரி சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் சொன்னாள். தான்தான் சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று வருடம் பூராவும் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

பிறகு விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது தாண்டாதில்ல?" என்று கேட்டாள்.

"தாண்டாது" என்றேன்.

அந்தப் பகுதியை முதலிலிருந்து ஓடவிட்டாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒன்பது பக்கத்தையும் நானும் உட்கார்ந்து கேட்டேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நான் அதை மிச்சம் பிடித்ததில் அவளுக்கு ஒரு வருடம் போயிருந்தது.