மூன்றாவது கட்டுரை

முன்னறையில் பிரிண்டர் தாளைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த சுபத்ரா எண்ணினாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். அவளுடைய நாற்பத்து மூன்று வருட வாழ்க்கை இரண்டு பக்கப் பயோடேட்டாவில் அடங்கிவிட்டது.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்தெருவில், வீட்டு முன்னறையையே டிடிபி கடையாக்கி இருபது வருடங்களாகப் பிழைக்கிறவள் அவள். சமூகவியலில் எம்.ஏ., எம்.ஃபில். அப்பா பக்தவச்சலம் படுத்த படுக்கையானதும் பிஎச்.டி. ஆசையை ஒத்திவைத்துவிட்டுக் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். அதன்பின் ஊரார் பிஎச்.டி.க்கெல்லாம் தேய்ந்தது அவள் விரல்தான். அறுபத்து மூன்று ஆய்வேடுகள். நன்றியுரையின் கடைசி வரியில் 'பிழையின்றித் தட்டச்சு செய்த சுபத்ரா அவர்களுக்கு' என்று வரும். அந்த வரியையும் அவளே அடிப்பாள்.

ஒரே ஒரு முறை அவளும் விண்ணப்பித்தாள். ஒன்பது வருடங்களுக்கு முன், அப்பாவின் வற்புறுத்தலால். இருந்தது ஒரே இடம். ஒரு மதிப்பெண்ணில் அது போனது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா. அடுத்த வருடம் அவர் இல்லை. ஆசையையும் அவரோடு வழியனுப்பிவிட்டதாகவே நினைத்திருந்தாள்.

அன்று அந்த இடத்தைப் பெற்றவன் சிவகுமார். அவனுடைய பயோடேட்டாவை அடித்துக் கொடுத்ததும் இவள்தான். இப்போது அவன் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், ஆய்வு வழிகாட்டி. போன மாதம் பிரிண்ட் எடுக்க வந்தவன், தன்னிடம் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் போடுங்கள் அக்கா என்று தானாகவே சொன்னான். விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. ஒப்புதல் கடிதத்தோடு பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் இல்லை.

டீயை இறக்கிவிட்டு வந்து தாள்களை எடுத்தாள். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அங்கே இன்னும் சிவகுமார் இருந்தான்.

டிடிபி கடைகளின் வழக்கம் அது. பயோடேட்டாவைப் புதிதாக யாரும் அடிப்பதில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, அதன்மேல் அடுத்தவர் விவரத்தை அடிப்பார்கள். சீட் கிடைத்தவர் ஃபைல் ராசி என்று வாடிக்கையாளர்களே கேட்டு வாங்குவார்கள். அந்த ராசியை நம்பித்தான் அவளும் சிவகுமாரின் ஃபைலைத் திறந்திருந்தாள். இரண்டாம் பக்கத்தை மாற்ற மறந்திருந்தாள்.

வெளியான கட்டுரைகள் மூன்று. முதல் இரண்டும் அவனுடையவை. மூன்றாவதைச் சுபத்ரா இரண்டு முறை படித்தாள். 'திருநீர்மலைக் கோயில் வாசலில் பூ விற்கும் பெண்கள்.' அது அவளிடம் அடிக்க வந்த இன்னொரு மாணவி உதயா எழுதியது. கல்யாணமாகி வெளிநாடு போய்விட்ட உதயா. அந்தக் கட்டுரையை அடித்ததும், அவள் பயோடேட்டாவில் சேர்த்ததும் சுபத்ராவேதான். உதயாவின் ஃபைல்மேல் சிவகுமாரை அடித்தபோது ஒரு வரி அழியாமல் நின்றுவிட்டது.

ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண். அவள் தோற்றது ஒரு மதிப்பெண்ணில்.

"அக்கா" என்று வாசலில் குரல் கேட்டது.

சிவகுமார் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். டீயை வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட கடிதத்தை மேசைமேல் வைத்தான். பயோடேட்டா ரெடியா என்று கேட்டுவிட்டு, "நீங்க அடிச்சுக் கொடுத்ததுதான்கா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் ராசி" என்றான்.

அவள் இரண்டாம் பக்கத்தை அவன் முன் நகர்த்தினாள். விரல் மூன்றாவது வரியைத் தொட்டு நின்றது.

சிரிப்பு மெல்ல வடிந்தது. "எப்போ பாத்தீங்க?" என்றான்.

அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. அவனுக்குத் தெரியாதிருக்கும் என்று அந்த நொடிவரை நம்பியிருந்தாள்.

மெதுவாகச் சொன்னான். நேர்முகத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டபோதுதான் அவனே கவனித்தானாம். என்னுடையதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பூக்காரிகளைப் பற்றி இரண்டு நிமிடம் ஏதோ பேசினான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

"ரெண்டாவதா நின்னது யாருன்னு தெரியுமா, சார்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்திலேயே பதில் இருந்தது. டீ டம்ளரை மேசைமேல் வைத்தான்.

ஃபைலை அழித்துவிடச் சொல்லிக் கேட்டான். நாலே வருடத்தில் உங்களை டாக்டர் ஆக்கிவிடுகிறேன், அது என் பொறுப்பு என்றான். கெஞ்சலா, பேரமா, பிராயச்சித்தமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

சுபத்ரா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவன் பார்க்கவே அந்த ஃபைலை அழித்தாள். பிறகு ஒப்புதல் கடிதத்தையும் அந்த இரண்டாம் பக்கத்தையும் ஒன்றாக மடித்து அவனிடம் நீட்டினாள்.

"தப்பை ஆரம்பிச்சது என் கைதான். அதனால நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கையெழுத்தை வெச்சு என்னால படிக்க முடியாது, தம்பி."

அவனைத் தம்பி என்று அவள் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வாங்கிக்கொண்டு எழுந்தான். படியில் நின்று, "அஞ்சு மணியோட முடியுதேக்கா" என்றான்.

"தெரியும்."

அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பா போன நாளைத் தவிர வேறெந்தப் பகலிலும் சாத்தியிராத கடைக்கதவைச் சாத்தினாள்.