ஒரு நிமிட ஓட்டம்

ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நாற்பத்தாறு வயதில், புது ஷூ மாட்டிக்கொண்டு, சூலூர் குளக்கரையில் இன்றுதான் முதல்முறையாக ஓடினேன். அரை நிமிடத்திலேயே மூச்சு கீச்சுக்கீச்சென்று இழுத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது அப்பாவின் மூச்சு.

கருமத்தம்பட்டியில் அப்பா விசைத்தறி ஓட்டினார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் மதியச் சோற்றுத் தூக்குப்போசியை மறந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். தறியை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு, ரப்பர் செருப்பில் அவர் போசியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே ஓடிவந்தார்.

"பஞ்சு மிட்டாய் ஓடி வருதுடி!" தோழிகள் சிரித்தார்கள்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சவருங்களா அம்மணி?"

"இல்லீங்க."

விசில் ஊதிவிட்டார். பின் கண்ணாடி வழியே அப்பா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் இருமிக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸு வெரசாப் போயிருச்சு கண்ணு. நீ பாத்திருக்க மாட்டே."

நானும் தலையாட்டினேன்.

குளக்கரையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடைக்கு வந்த ஒருவர், "ஏனுங்க, மொத நாளுங்களா? பைய ஓடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அப்பா அன்று ரோட்டு வளைவு வரைக்கும் நிற்காமல் ஓடிவந்தார். குனிந்தபடியே ஓரக்கண்ணால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.