நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பொமரேனியன் குட்டி ஒன்று வாங்கக் களுதாவளைக்குப் போனோம். கையில் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள் மடித்துப் போட்ட பழைய துவாய். திரும்பி வரும்போதும் கூடைக்குள் துவாய் மட்டும்தான் இருந்தது.

ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாராவாரம் இந்தப் பத்தியில் ஊரையெல்லாம் திட்டுகிறவன் நான். என் முறை வரும்போது மட்டும் ஒளிந்துகொள்ளலாமா?

மனைவிக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஆறு மாதம். மகள் பல்கலைக்கழக விடுதியில். நான் காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வருவேன். நாவற்குடா வீட்டில் பகல் முழுக்க அவள் தனியே. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள் — சின்னதாய் ஒரு நாய் நின்றால் நல்லது என்று. பெரிய நாய் இழுத்தால் விழுந்துவிடுவாள். அதனால்தான் சின்ன இனம்.

முதலில் போனில் விளம்பரம் பார்த்தேன். ஒருவன் எந்த இனமும் தன்னிடம் இருக்கிறது என்றான். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாய் வேறு ஊரிலாம். பஸ் ஸ்ராண்டுக்கு வந்தால் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவானாம். குட்டிக்கு எத்தனை நாள்? முப்பதாம்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் முதல் கேள்வியே தாய்வழிக் குடி என்ன என்பதுதான். தாயைக் காட்டாதவனிடம் எவன் நாய் வாங்குவான்? பால்குடி மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிற நீயெல்லாம் மனிசனா என்று போனிலேயே கிழித்துவிட்டு வைத்தேன்.

அந்த வாக்கியத்தை இப்போது திரும்ப எழுதும்போது கை கூசுகிறது.

பிறகு மிருக வைத்தியர் ஒருவர் லீலா அக்காவைப் பற்றிச் சொன்னார். ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. வளர்ப்பது இரண்டே இரண்டு தாய் நாய்கள். எட்டு வாரம் ஆகாமல் குட்டியைக் கையில் தர மாட்டார். தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த நாள் எல்லாம் எழுதித் தருவார். நம்பிப் போகலாம் என்றார் வைத்தியர்.

போனோம். வீட்டு ஹோலிலேயே தாய் நாய் படுத்திருந்தது. சுத்தமான இடம். நாய் மணம் இல்லை. மூன்று குட்டிகள். அதில் ஒன்று என் மனைவியின் சேலைக் கரையைக் கவ்வி இழுத்தது. அவள் கதிரையில் இருந்தபடியே குனிந்து அதைத் தூக்கி மடியில் வைத்தாள். அது அங்கேயே சுருண்டுவிட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன்... ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டதில்லை.

லீலா அக்கா கேள்வி கேட்கத் தொடங்கினார். பகலில் வீட்டில் யார்? கேற் பூட்டியிருக்குமா? இந்த இனத்துக்கு உடம்பெல்லாம் மயிர், மட்டக்களப்பு வெயிலுக்கு எங்கே படுக்க விடுவீர்கள்? ராவில் குரைத்தால் அடிப்பீர்களா?

எனக்கு உள்ளே புகைந்தது. நாய் வாங்க வந்தேனா, விசாரணைக்கு வந்தேனா? ஆனாலும் குட்டிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“முன்னம் நாய் வளத்த நீங்களா, தம்பி?”

“ஓம் அக்கா. கறுப்பி எண்டு ஒண்டு நிண்ட.”

“மறுகா அதுக்கு என்ன நடந்த?”

“வருத்தம் வந்து செத்துட்டு” என்றேன். எவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய்!

மடியில் இருந்த குட்டியைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல், என் மனைவி சொன்னாள்:

“சாகல்ல அக்கா. குட்டியளோட கதிரவெளியில கொண்டு விட்டுட்டு வந்தவர்.”

உண்மைதான். ஐந்து வருடத்துக்கு முந்திய கதை. கறுப்பி ஆறு குட்டி போட்டது. இரண்டு கடுவனையும் அயலவர்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். நாலு பெட்டை மிச்சம். பெட்டைக் குட்டியை எங்கள் ஊரில் யார் வாங்குவார்? உரப்பைக்குள் போட்டு மீன் விற்கும் இடத்தில் விடுவதுதான் வழக்கம். குடலைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று அதற்கொரு நியாயமும் வைத்திருக்கிறோம். நான் ஒருபடி மேலே போனேன். இனியும் போடுமே என்று தாயையும் சேர்த்தே வான் வண்டியில் ஏற்றினேன். கதிரவெளிக் கரையில், தோணிகள் இழுத்து வைத்திருந்த இடத்தில் இறக்கிவிட்டேன். வீட்டில் வந்து, கதிரவெளியில் மீன்பிடிக்கிற குடும்பம் ஒன்று காவலுக்குக் கேட்டு வாங்கியது என்று சொன்னேன்.

நான் பேசினேன். கத்தினேன் என்பதே சரி. ஊரில் எல்லாரும் செய்வதுதானே, நீங்கள் நாய் விற்கிற ஆளா நீதவானா என்று கேட்டேன். தாய் நாய் எழும்பி நின்று என்னைப் பார்த்து உறுமியது.

அவர் குரலை உயர்த்தவேயில்லை. மனைவியைப் பார்த்து, “தங்கச்சி, உங்களுக்கெண்டா நான் தருவன். உங்கட வீட்டுக்குத் தரமாட்டன்” என்றார். “இதும் பெட்டைக் குட்டிதான்.”

மனைவி குட்டியைத் தூக்கித் தாயின் பக்கத்தில் விட்டாள். கையை ஊன்றி மெதுவாக எழும்பினாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஓட்டோ பாதி வழி வந்துவிட்டது. நான்தான் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று.

“அண்டைக்கே தெரியும். காவலுக்கு ஆரும் கேட்டு வாங்கினா, சங்கிலியோடதானே குடுப்பீங்க? நீங்க சங்கிலியக் கொண்டுவந்து ஆணியில மாட்டின நீங்க.”

ஐந்து வருடம். தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க” என்றாள்.

கதிரவெளிக்குப் போய்க் கறுப்பியைத் தேடினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கரையில் நின்று யாரிடம் என்ன கேட்பது? நாலு குட்டியோடு ஒரு நாயை எறிந்துவிட்டுப் போன ஆள் நான்தான் என்று சொல்லியா கேட்பது?

உரப்பைக்குள் குட்டியைப் போட்ட கை இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கை தூக்கச் சொல்லவில்லை. கறுப்பிக்குக் கருத்தடை செய்ய ஒரு காலை நேரம் போதும் என்று அதே மிருக வைத்தியர் இப்போது சொல்கிறார். அந்த ஒரு காலை எனக்குக் கிடைக்கவில்லையாம். கதிரவெளிக்குப் போய்வர ஒரு முழு நாள் கிடைத்ததாம்!

நேற்று என்னோடு வேலை செய்கிற ஒருவர் கேட்டார் — மகளுக்கு ஒரு சின்ன நாய் வேண்டும், நல்ல இடம் ஏதாவது தெரியுமா என்று. லீலா அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். ஆள் எப்படி, நம்பலாமா என்றார்.

தாராளமாக நம்பலாம். எனக்கே தரவில்லை.