உப்புக்கு ஒரு சாட்சி

என் போனில் ஒரு குரல் பதிவு இருந்தது. தொண்டியில் இருக்கும் என் நாத்தனாருக்கு டாக்டர் உப்பை நிறுத்திய அன்று, ஞானம் வந்து அவள் அனுப்பியது. “அன்னைக்குக் கறியில ரெண்டாவது தடவ உப்பப் போட்டது நாந்தான் மதினி.” என் பேத்தி காதுகுத்தில் நான் ஆக்கி, பந்தியே பாதியில் எழுந்துபோன கறி அது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பழியை நான் சுமந்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் அந்தப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவேன். முதுகுளத்தூரில் என் வீட்டுக்கு வந்தவர்களில் அதைக் கேட்காமல் காபி குடித்தவர் யாரும் இல்லை.

ஒருநாள் போன் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. வழக்கம்போல் சரி என்று அழுத்தினேன். ஒரு கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது, போன் சுட்டது. பாவம், கொஞ்சம் ஆறட்டும் என்று பட்டனை அமுக்கி அணைத்தேன். அதன்பிறகு அது கண் திறக்கவில்லை.

ராமநாதபுரத்தில் போன் ரிப்பேர் பார்ப்பவர், சத்தம் கூட்டிக் குறைக்கும் இரண்டு பட்டனையும் அமுக்கிக்கொண்டு வயரைச் சொருகினார். திரை கறுப்பாகவே கிடந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டர் மட்டும் ‘டிங்’ என்றது.

“அப்டேட் பாதியில நின்னு எமர்ஜென்சி மோடுல கெடக்கும்மா. உசுரு இருக்கு. புதுசா சாஃப்ட்வேர் ஏத்துனா எந்திரிச்சிரும். ஆனா உள்ள இருக்கது பூராம் அழிஞ்சிரும்.”

“உள்ள ஒரு மன்னிப்பு இருக்குய்யா. அத மட்டும் எடுத்து வெளிய வச்சிட்டு ஏத்துங்க.”

“அதுக்கு வழியில்லம்மா. அனுப்புனவுக போன்ல இருக்கும், திருப்பிக் கேளுங்க.”

கேட்பதாவது, அவளிடம் நானாவது. போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள், வந்தவர்களிடம் நடந்ததை வாயால் சொல்லிப் பார்த்தேன். சாட்சி இல்லாத உப்பு ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாலாம் நாள் போய் ஏற்றச் சொன்னேன். வாங்கிய அன்றுபோல் பளிச்சென்று எழுந்தது, என்னை யாரென்றே தெரியாமல்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

“ஏத்தா, அந்த உப்புப் பேச்ச இன்னொருக்கா அனுப்பு.”

“எங்கிட்டப் பத்திரமா இருக்கு மதினி. அதட்டுனா வராது. தயவுசெஞ்சுன்னு நீங்களும் ஒரு வார்த்த பேசி, பதிஞ்சு அனுப்புங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தேன். மூன்றை அழித்து நாலாவதை அனுப்பினேன். “தயவுசெஞ்சு அனுப்பு தாயி.” உடனே உப்பு வந்து சேர்ந்தது.

இப்போது தொண்டியிலும் என் குரலைக் கேட்காமல் யாருக்கும் காபி கிடைப்பதில்லையாம். குரல் கணீரென்று விழுந்திருக்கிறது என்று சொல்கிறார்கள்.