பதுளைப் பாட்டும் ஒற்றை மணியும்

இன்று காலை லுணுகலையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில், பாட்டுப் போடச் சொன்னது என் தப்புத்தான்.

"அண்ணே, அந்தப் பதுளைப் பாட்டப் போடுங்களேன்."

அருவியையும் தேர்த் திருவிழாவையும் ஊர் அழகையும் புகழும் பழைய பாட்டு. பள்ளிக்கூடத்தில் மல்லிகாவும் நானும் சேர்ந்து பாடியது. போன மழையில் மண் சரிந்தபோது, குடியிருந்த தோட்ட லயத்து வீட்டோடு மண்ணுக்குள் போய்விட்டாள் அவள்.

அந்த லயம் இருந்த ரோட்டு முடக்கில் பஸ் வளையும்போது ஒற்றை மணி அடித்தது. பஸ் நின்றது. யாரும் எழும்பவில்லை. வெளியே வெறும் செம்மண் சரிவு.

கண்டக்டர் என் பக்கத்தில் நின்றார், இரண்டு கையும் கம்பியில்.

"யாருண்ணே மணி அடிச்சது?"

"இந்தப் பாட்டு ஓடுனா இங்க அடிக்கும் அக்கா. நிப்பாட்டாம போனா பதுள வரைக்கும் அடிச்சுக்கிட்டே வரும்."

எனக்கு அடுத்த ஜன்னல் சீட் ஏறினதிலிருந்து காலி. அதைப் பார்த்துவிட்டு, "எறங்கியாச்சு, போவோம்" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். யாருக்கோ வழிவிட்டதுபோல் என் கால்கள் இரண்டும் ஒதுங்கியிருந்தன.

மாலையும் அதே பஸ்தான். லுணுகலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாட்டுப் போடாத வாகனமாக இருந்தால் நல்லது.