மினிஸ்டரின் குடை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. கம்பிகள் மாற்றியும் துருவேறிவிட்டன, துணியைப் பலமுறை மாற்றியாகிவிட்டது. வளைந்த மூங்கில் கைப்பிடி மட்டும்தான் அசல். எங்கள் மலைநாட்டு வட்டவளை மழைக்குப் புதுக் குடையே தாங்காது, இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, இது ஒரு மினிஸ்டரின் குடை என்று சொல்வேன். அவர்கள் மந்திரி என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். ஒரு முறை எங்கள் தேயிலைத் தோட்டமே அப்படித்தான் நினைத்தது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலம் அது. குடை என்பது அன்று மழைக்கு மட்டும் ஆனதல்ல. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எதிரே வந்தால் ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். குடை பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும் அதை மடக்கிவிட்டு, பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவர் போனதும், தொப்பலாக நனைந்த பிறகு, மறுபடி விரித்துக்கொள்வோம். படித்தவள் என்று பெயர் எடுத்த நானும் சேலையோடு கானுக்குள் நின்றவள்தான்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் போதகர் வந்து சேர்ந்தார். அவரும் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, போதகரானவர். தோட்டத்தை ஒட்டிய சின்னக் கோயிலில் அவருடைய சபை நாலைந்து குடும்பம்தான். பிரசங்கம் நன்றாகச் செய்வார். பாட்டுத்தான் வராது, அவர் கீர்த்தனை எடுத்தால் பட்டியில் கிடக்கும் மாடும் திரும்பிப் பார்க்கும். இந்தியாக்காரர் என்று சொல்லி இலங்கையில் எங்கள் சனங்களின் பிரஜாவுரிமையும் வோட்டும் பறிபோயிருந்த வருஷங்கள் அவை. அவர் அதைப் பிரசங்க மேடையிலேயே பேசினார். ஹட்டனில் கூட்டம் என்றால் அங்கேயும் போய்ப் பேசினார். ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் படுத்து எழுந்தும் வந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து, எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். சபையில் பாதிப் பேர் அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சபையின் பெரிய மனிதர் எங்கள் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர். "வேதத்தப் பேசச் சொன்னா வோட்டப் பேசுறாரே" என்று அவர் எல்லோரிடமும் குறைப்பட்டார். அது போதகர் காதுக்கும் போனது. "வேதத்துலயும் சனங்க ஒரு நாட்டுல வேல செஞ்சி அவதிப்படுற கததானுங்க இருக்கு" என்றார். துரையைக் கண்டாலும் போதகர் குடையை மடக்குவதில்லை என்பது பெரிய கிளாக்கரின் இன்னொரு புகார்.

இந்தச் சமயத்தில்தான் என் அண்ணிக்குத் தலைப்பிரசவம் ஆனது. பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி, குடையும் பிடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அண்ணன் பின்னால் மூட்டையோடு வந்தான். வளைவில் துரையின் கார் வந்தது. அண்ணன் கானுக்குள் இறங்கினான். அண்ணி அசையவில்லை. "மடக்கியிருந்தா புள்ள நனைஞ்சிருக்கும்" என்றாள் பிறகு. அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம்.

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் இருவரையும் வேலையை விட்டு நிறுத்தியாயிற்று என்றார் கணக்கப்பிள்ளை. மாதக் கடைசிக்குள் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். துரையை மதிக்காதவர்கள் என்று துரத்தப்பட்டவர்களுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. பிரஜாவுரிமையும் இல்லாதவர்கள் கைக்குழந்தையோடு எங்கே போவார்கள்? அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான்தான் போதகரிடம் ஓடினேன். கேட்டுவிட்டு, "தொரையத்தான் பாக்கணும்" என்றார். தபால் கந்தோருக்குப் போய்த் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் செய்தார்.

டெலிபோனை எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த சின்னக் கிளாக்கர். நாளை பின்னேரம் துரையைப் பார்க்க மினிஸ்டர் வருகிறார் என்று செய்தி. இங்கிலீஷில் போதகருக்கும் மினிஸ்டர்தான், மந்திரிக்கும் மினிஸ்டர்தான். சின்னக் கிளாக்கருக்குத் தெரிந்தது மந்திரி மட்டும்தான். அன்றே லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எந்த மந்திரி வந்தும் எங்கள் லயம் அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. மறுநாள் எங்களைப் பங்களாப் பாதையில் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் பூ. நல்ல மழை, நல்ல பனிமூட்டம். துரை வாசலில் தன் குடையோடு நின்றார்.

கீழ் வளைவில் பனிக்குள் ஒரு கறுப்புக் கோட்டும் கறுப்புக் குடையும் தெரிந்தன. கார் கீழே சேற்றில் மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தோம். துரை தன் குடையை மடக்கினார். மடக்கி, மழைக்குள் இறங்கி, கையை நீட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்கு முன் யார் முன்னாலும் அவர் குடை மடக்கியதை நாங்கள் பார்த்ததில்லை. மரியாதை என்றால் இதுதான் என்று எங்களைப் பார்த்துப் பார்த்து அவருடைய கைக்கும் பழகிவிட்டதோ என்னவோ.

நாலடி தூரத்தில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. போதகர் நின்றார். துரையும் நின்றார். தோட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. போதகர் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொல்லி, தன் குடையைத் துரை தலைக்கு மேல் நீட்டினார். நனைகிறீர்கள், உள்ளே வாருங்கள் என்றாராம். பக்கத்தில் நின்ற சின்னக் கிளாக்கர் பிறகு சொன்னார். இருவரும் ஒரே குடைக்குள் பங்களாவுக்குள் போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை எப்போதும்போல என் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார். காம்பராவைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அன்று அண்ணி அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரிய கிளாக்கர் சும்மா இருப்பாரா? போதகர் மந்திரி வேஷம் போட்டார் என்று சபை மேலிடத்துக்குப் புகார் போனது. "வேணும்னுதான் அப்புடிச் சொன்னீங்களா?" என்று நானே ஒரு நாள் கேட்டேன். "நான் மினிஸ்டர்தானே டீச்சர்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சில மாதத்தில் அவரைக் கினிகத்தேனை ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அவர் அடங்கவில்லை. பிறகு எங்கள் சனங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றும் காலம் வந்தபோது, போக விருப்பமில்லாத சனங்களோடு கந்தோர் கந்தோராகப் போய் அவர்களுக்காகச் சிங்களத்தில் வாதாடினார் என்று கேள்விப்பட்டோம்.

அவர் எங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளும் மழைதான். வட்டவளை ஸ்டேஷனில் சபையார் இரண்டு பேரும் லயத்துச் சனம் அத்தனை பேரும் நின்றோம். ரயில் வந்து, அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்ததும், இடுப்பில் பிள்ளையோடு நின்ற அண்ணி தன் குடையை மடக்கினாள். யாரும் சொல்லவில்லை. துரைக்கு மடக்காதவள் தானாக மடக்கினாள்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன தங்கச்சி இது? புள்ள நனையுதில்ல?" என்று அதட்டினார். ஜன்னல் வழியே கையை நீட்டித் தன் குடையை விரித்துப் பிள்ளைக்கு மேலே பிடித்தார். "நனைஞ்சா நனையட்டும் சாமி, ஒங்களுக்குத்தான்" என்றாள் அண்ணி. அதற்குள் ரயில் அசைந்தது. "பிடிங்கம்மா" என்று கைப்பிடியை அவள் கையில் கொடுத்துவிட்டார். குடை எங்களோடு நின்றுவிட்டது.

அந்தப் பிள்ளை இப்போது நான் இருந்த அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்று பின்னேரம் கொட்டும் மழையில் இந்தக் குடையோடுதான் வந்தாள். வழியில் தோட்டத்துத் துரையின் வண்டி எதிரே வந்து, இவள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றதாம். நான் இந்தக் கதையைச் சொன்னேன். குடை மடக்கும் இடம் மட்டும் அவளுக்கு விளங்கவேயில்லை.

"மழதான் விடலையே அத்த, அப்புறம் எதுக்கு மடக்கணும்?" என்றாள். குடையை உதறிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.